மார்கழி ஞாயிறு, செம்மறி ரத்தம்

செம்மறி இன்னும் வரவில்லை. வெள்ளாடு முடிஞ்சிட்டு, செம்மறி அடுத்தது, அஞ்சே நிமிஷம் டீச்சர், என்று சொல்லிவிட்டு மைதீன் பாய் பின்கட்டுக்குப் போய் எவ்வளவோ நேரமாகிறது, நான் கறிக்கடை வாசலில் அவர் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் ஒயர்கூடை, கூடைக்குள் கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் ஒரு கைப்பிடி கண்ணாடி மணி, அதன் வாய்க்கு வெள்ளித்தாள் தொப்பி. பார்க்கிறவர்கள் பால் வாங்க வந்தவள் கடை மாறி உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். யார் பார்க்கப்போகிறார்கள், மார்கழி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆற்றைத் தாண்டி மேலப்பாளையத்துக்கு நமக்குத் தெரிந்தவர்கள் யார் வரப்போகிறார்கள், அவர்கள் எல்லாம் இந்நேரம் கோயிலில் வெண்பொங்கலுக்குத் தொன்னை ஏந்தி நிற்பார்கள். எங்கள் வீட்டில் கறி என்றால் வாழைக்காய்க் கறி. முட்டை என்ற சொல்லைக்கூட யாரும் வாயால் சொல்வதில்லை, ‘அது’ என்போம், கேக்கில் அது இருக்கா என்று கேட்போம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து அப்படிப்பட்ட வீட்டிலேயே வாழ்க்கைப்பட்ட ஆவுடையம்மாள் இங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சபரிமலையும் கிறிஸ்துமஸும்தான். வழக்கமாக ரத்தம் வாங்க வருகிறவன் ஆய்வுக்கூடத்து உதவியாளன் பேச்சிமுத்து, அவன் மாலை போட்டுவிட்டான், கறிக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டானாம். ஆராய்ச்சி மாணவன் ஜெபராஜ் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டான். மிச்சம் நான். ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திருத்தி அனுப்ப இந்த வாரம்தான் கெடு. எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது, அந்த மூன்றாவது மதிப்பீட்டாளர், முதல் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், இவர் மட்டும், அன்புள்ள டாக்டர் அம்மாள், மனித ரத்தத்தில் செய்து காட்டியது போதாது, செம்மறி ரத்தத்திலும் செய்து காட்டவும் என்று எழுதியிருக்கிறார். அம்மாள் என்பது என் குடும்பப் பெயர் என்று வெளிநாட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். என் கட்டுரையைக் குறிப்பிடும்போது ‘அம்மாளும் குழுவினரும்’ என்று போடுகிறார்கள், ஏதோ கோயில் கொடைக்கு வந்த வில்லுப்பாட்டுக் கோஷ்டி மாதிரி.

இத்தனைக்கும் நான் ஆராய்கிற நச்சு செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், ஓட்டை போடுவது. தொண்டைப்புண் கிருமி அதைக் கக்குகிறது. செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது, ரசத்தின் மேல் மிதக்கிற நெய்ப்படலம் மாதிரி, அதில் கொலஸ்ட்ரால் எங்கே என்று தேடிப்பிடித்து நச்சு உட்காரும், கொலஸ்ட்ரால் இல்லாத சவ்வைச் சீண்டாது. ஒன்று உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கல்யாண வீட்டு மாடியில் சீட்டு விளையாடுகிறவர்கள் மாதிரி வட்டமாகக் கூடி, வட்டம் நிறைந்ததும் எல்லாம் சேர்ந்து கீழே இறங்கும், சவ்வில் கிணறு மாதிரி ஒரு துளை, தண்ணீர் உள்ளே புகுந்து செல் ஊதி வெடிக்கும். அதுவரை குழாயில் கலங்கலாக இருந்த ரத்தம் சட்டென்று தெளிந்து ரோஸ்மில்க் கடைச் சர்பத் மாதிரி பளபளக்கும். புதிதாகச் சேருகிற மாணவர்கள் எல்லோரும், மேடம், நல்லா தெளிஞ்சிட்டு மேடம், என்று சந்தோஷமாக ஓடி வருவார்கள். தெளிந்தால் உள்ளே ஒன்றுகூட மிச்சமில்லை என்று அர்த்தம் என்பேன். இவ்வளவு பெரிய ரவுடிக்குக் காற்று ஆகாது என்பதுதான் வேடிக்கை, காற்றுப் பட்டால் படுத்துவிடும், என் வீட்டுக்காரர் கைலாசம் மாதிரி, வீட்டுக்குள் சட்னியில் உப்பு ஒரு கல் கூடினால் தாண்டவம், வெளியே போய் நாலு பேர் முன்னால் நின்றால் ஓம் நமசிவாய. நேற்று ராத்திரி அவரிடம் சொன்னேன், காலையில் செம்மறி ரத்தம் வாங்கப்போகிறேன் என்று. அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வந்து பின்வாசல் வழியா குளிச்சிட்டு வா, பத்திரிகை அடிச்சாச்சு, மனசுல வச்சுக்கோ,” என்றார். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மகள் மதிவதனிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை குருநாத் தங்கமான பையன், ஆனால் அவன் அம்மா ரத்னாவதி மைனி பெண் பார்க்க வந்த அன்றே தண்ணீர் குடிக்கிற சாக்கில் எங்கள் அடுக்களைக்குள் வந்து, அலமாரியிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சைப் புள்ளி போட்டிருக்கிறதா என்று பார்த்தவள். “தப்பா நினைக்காதீங்க மைனி, எங்க வீட்ல அதுல எல்லாம் ரொம்பக் கண்டிப்பு. இவுக ஒரு தரம் ரயில்ல கட்லெட் தின்னுட்டு, அதுல என்ன கெடந்துச்சோன்னு சந்தேகத்துலயே மூணு நாள் பட்டினி கெடந்தாக,” என்றாள். இவுக என்பது அவள் புருஷன் குற்றாலிங்கம் அண்ணாச்சி, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி கொள்ளாத திருநீறு, தேவாரம் பாடும்போது கண்ணில் நீர் தளும்பும். பிறகு ரத்னாவதி மைனி, “நீங்க கிருமி வளக்கீங்களாமே, கிருமி என்ன திங்கும்,” என்று கேட்டாள். சூப் மாதிரி ஒன்று என்றேன். காய்கறி சூப்பா என்றாள். மாட்டிறைச்சிச் சாறு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மதி முந்திக்கொண்டு, “ஆமா அத்தை,” என்று சொல்லிவிட்டாள். என் மகளுக்கு அறிவியல் வரவில்லை, மற்றது எல்லாம் வருகிறது.

“வாங்க டீச்சர், செம்மறி ரெடி,” என்று மைதீன் பாய் கூப்பிடுகிறார். போகிறேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தேன், மூடினால் குடுவையை எங்கே பிடிப்பது, திறந்துகொள்கிறேன், ஆனால் ஆட்டைப் பார்க்காமல் குடுவையின் கழுத்தை மட்டும் பார்க்கிறேன், மைதீன் பாய் ஏதோ ஓதுவது கேட்கிறது, பிறகு குடுவை கனக்கிறது. சூடு. ரத்தம் சூடாக இருக்கும் என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும், கைக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. கைக்குழந்தையின் தலையைப் பிடித்த மாதிரி இருக்கிறது. இதை யோசிக்கக் கூடாது. ஆட்டு, ஆவுடை, குடுவையை ஆட்டு. நிறுத்தினால் உறைந்துவிடும், உறைந்தால் அடுத்த செம்மறி எப்போதோ, ஒரே சீராகச் சுழற்றவேண்டும், கண்ணாடி மணிகள் கலகலவென்று சத்தம் போடும், ரத்தத்திலிருக்கிற நார் எல்லாம் மெல்ல மெல்ல மணிகளைச் சுற்றிக்கொள்ள, சத்தம் அமுங்கி அமுங்கி, மணிகள் பேசாமலாகிவிட்டால் இனி உறையாது, போகலாம். அதுவரை இப்படியே ஆட்டிக்கொண்டு நிற்கவேண்டும். வாசலுக்கு வந்து ஓரமாக நின்று ஆட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் ஒரு தடவை என்னைப் பார்க்கிறார்கள், பிறகு தராசைப் பார்க்கிறார்கள், கறிக்கடைக்கு வருகிறவனுக்குத் தராசைவிட வேறு எதுவும் பெரிதில்லை, நல்லது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்கிறது. “தொடைக்கறியில அரைக்கிலோ, சரிதானே. எலும்பு கொஞ்சம் சேத்து, சரிதானே. நெஞ்செலும்பு இருந்தா நாலு துண்டு, சரிதானே.” இந்தச் சரிதானேயை நான் கேட்டிருக்கிறேன். முகூர்த்தம் தை மாசம், சரிதானே. மாப்பிள்ளை அழைப்பு முந்தின நாள் சாயங்காலம், சரிதானே. பந்திக்கு ரெண்டு பாயசம், சரிதானே. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புகிறேன். குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றி மப்ளர், கையில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ கொடுத்த மஞ்சள் பை, நெற்றி வெறும் நெற்றி, திருநீறு இல்லாமல் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது, ஆனால் மூக்கு அதே மூக்கு, குருநாத்துக்கும் அதே மூக்கு, நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கும் வரப்போகிற மூக்கு. குற்றாலிங்கம் அண்ணாச்சி.

மாட்டிக்கொண்டேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மதி மும்பையிலிருந்து சேலையைப் பற்றித் தினம் நாற்பது செய்தி அனுப்புகிறாள். அண்ணாச்சி வீட்டுக்குப் போவார், ரத்னா, நம்ம சம்பந்தியம்மாவை ஒரு இடத்துல பாத்தேன், சரிதானே, என்பார். நானே முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடலாம். அண்ணாச்சி, இது ஆராய்ச்சிக்கு. என்ன ஆராய்ச்சி. சவ்வில் ஓட்டை போடுகிற நச்சு. எதுக்கு ஓட்டை போடணும். நான் போடவில்லை அண்ணாச்சி, அது போடுகிறது, நான் பார்க்கிறேன். பார்க்க ரத்தம் எதுக்கு. இப்படியே போனால் மூன்றாவது மதிப்பீட்டாளரைச் சொல்லவேண்டி வரும், அவர் கேட்டார் என்று, அவர் யார், தெரியாது, எந்த ஊர், தெரியாது, தெரியாத ஆள் கேட்டார் என்பதற்காக மார்கழி மாதத்தில் கல்யாணப் பெண்ணின் அம்மா ஆட்டு ரத்தம் பிடிக்க வந்தாள். உண்மை இவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடையாள அட்டை பையில் இருக்கிறது, காட்டலாம், கறிக்கடையில் அடையாள அட்டை காட்டுகிறவளை யார் நம்புவார்கள். ஓடிவிடலாமா, ஓடினால் குடுவை குலுங்கும், செல்கள் உடைந்துவிடும், நடக்கலாம், நடந்தால் அவருக்கு முன்னால்தான் போகவேண்டும். முதுகைக் காட்டி நிற்கிறேன், மணிகள் கலகலவென்கின்றன, ஊரைக் கூட்டுகின்றன, சீக்கிரம் அமுங்கித் தொலையுங்கள். சுவரில் ஆட்டுப் படம் போட்ட காலண்டர். அந்த ஆட்டின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான், மெல்ல, மிக மெல்ல, அந்தக் கேள்வி எனக்குள் இறங்குகிறது. அண்ணாச்சி இங்கே என்ன செய்கிறார். முப்பது வருஷம் ஆராய்ச்சி, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாய் வைக்காமல் எந்தச் சோதனையும் செய்யாதே என்று மாணவர்களைத் திட்டுகிறவள், எனக்கு இந்தக் கேள்வி கடைசியிலா வரவேண்டும். தொடைக்கறியில் அரைக்கிலோ. நெஞ்செலும்பு நாலு துண்டு. நெஞ்செலும்பு என்று தனியாக ஒன்று இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், அவருக்கு அது எத்தனை துண்டு வேண்டும் என்பதுவரை தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மைதீன் பாய், “டீச்சர், போதுமா, இன்னும் பிடிக்கணுமா,” என்று சத்தமாகக் கேட்கிறார். குரங்குக் குல்லா திரும்புகிறது. அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார். நான் அண்ணாச்சியைப் பார்க்கிறேன். அவர் கை தானாக நெற்றிக்குப் போய் அங்கே எதையோ தேடிவிட்டு இறங்குகிறது. மனிதரின் முகம் இப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை, மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டு, பிறகு அதில் பிரயோஜனமில்லை என்று தெரிந்து இறக்கிவிட்டு, மெல்ல என் பக்கம் வருகிறார். “சம்பந்தியம்மா.” “வாங்க அண்ணாச்சி.” வேறு என்ன சொல்வது, கறிக்கடை என்றாலும் சம்பந்தி சம்பந்திதானே. “நம்ம வீட்டு நாய்க்கு,” என்கிறார். அவர்கள் வீட்டில் நாய் இல்லை. அவருக்கும் அது உடனே ஞாபகம் வந்திருக்கவேண்டும், கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். “நான் ஆராய்ச்சிக்கு,” என்கிறேன். சொன்ன மாத்திரத்தில் தெரிகிறது, என்னுடையது அவருடைய நாயைவிடக் கேவலமாக ஒலிக்கிறது. அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், கையிலிருக்கிற குடுவையைப் பார்க்கிறார், நான் விடாமல் ஆட்டுவதைப் பார்க்கிறார், அவர் முகத்துக்கு ரத்தம் திரும்ப வருகிறது, மெதுவாக, ஒரு சிரிப்பும் வருகிறது. “ஆராய்ச்சி,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார், “நாய்னு சொன்னா நாய் எங்கன்னு கேப்பாக. ஆராய்ச்சின்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக. எனக்கு இது தோணல பாத்தீங்களா.” இல்லை அண்ணாச்சி, நிஜமாகவே, என்று தொடங்குகிறேன். அவர் கையை உயர்த்தி நிறுத்துகிறார், மிகவும் மரியாதையாக. “வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். எத்தனை வருஷமா?” முப்பது வருஷம் ஆகுது என்கிறேன், அது உண்மை. “சம்பந்தி அண்ணாச்சிக்குத் தெரியுமா?” தெரியும், குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவாக என்கிறேன், அதுவும் உண்மை. “கொடுத்து வச்சவுக,” என்று பெருமூச்சு விடுகிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரத்தப் பொரியலா,” என்று கேட்கிறார். எனக்கு ஒரு கணம் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. “நான் அந்த அளவுக்குப் போகல. ஆனா நல்லாயிருக்கும்னு சொல்லுவாக. ஏன் ஆட்டிக்கிட்டே நிக்கீங்க?” உறையக் கூடாது அண்ணாச்சி. “அதுதான் பக்குவமா,” என்கிறார், நான் வாழ்நாளில் எந்தக் கருத்தரங்கிலும் எந்த வெளிநாட்டுப் பேராசிரியரிடமும் பெறாத பாராட்டு அந்தக் கண்ணில்.

அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், கதவு திறந்துவிட்ட மாதிரி. திண்டுக்கல்லில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கியதாம். கூட வேலை பார்த்த தாமஸ் சாரும் ஓய்வு பெற்று இந்தப் பக்கம் வீடு கட்டியிருக்கிறாராம், மாதம் ஒரு ஞாயிறு, நடக்கப் போகிறேன் என்று கிளம்பிவந்து கறி வாங்கிக் கொடுத்தால் அந்த வீட்டம்மா குழம்பு வைத்துத் தருவாளாம், சாப்பிட்டுவிட்டு, குளித்து, திருநீறு பூசி, கிராம்பு மென்றுகொண்டு வீட்டுக்குப் போவாராம். “ரயில் கட்லெட்?” என்று என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன். “அது ரத்னாவுக்காகக் கெடந்த பட்டினி,” என்கிறார், “கட்லெட் நல்லாத்தான் இருந்துச்சு.” சிரிக்கிறார், உடனே சிரிப்பு நின்றுவிடுகிறது. “பக்தி பொய்யில்ல சம்பந்தியம்மா. பாடும்போது கண்ணு நெறையுதுல்லா, அது நெசம். இதுவும் நெசம். ரெண்டையும் என்னால ஒண்ணாச் சேக்க முடியல, அவ்வளவுதான். டாக்டர் வேற கொலஸ்ட்ரால்ங்கார்.” அடையாள அட்டை பையில் இருக்கிறது. கையைவிட்டு எடுத்தால் போதும், மைதீன் பாயிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னால் போதும், இந்த டீச்சர் அம்மா ஆஸ்பத்திரிப் பரிசோதனை மாதிரி ஏதோ செய்றவுக, கறியே திங்கமாட்டாக என்று அவரே சொல்லிவிடுவார், எல்லாம் தெளிந்துவிடும். தெளிந்தால் என்ன ஆகும். இந்த இடத்தில் இந்த மனிதர் தனியாக நிற்பார். பெண்ணைப் பெற்றவள் சுத்தம், பையனைப் பெற்றவர் மட்டும் நெஞ்செலும்பு. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பாரா, ஒவ்வொரு பண்டிகைக்கும், ஒவ்வொரு பந்தியிலும், பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கும்போதும், நான் எப்போது சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டே இருப்பார், பயந்த ஆள் முறைத்துக்கொண்டுதான் திரிவார், அதை மதிதான் அனுபவிக்கவேண்டும். இப்போது எப்படி நிற்கிறார், மப்ளர் தளர்ந்து, தோள் இறங்கி, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் கூட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், என் குடுவை ஆடுகிற தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு. நிரூபிப்பதுதான் என் தொழில். அந்த மூன்றாவது மதிப்பீட்டாளருக்கு நிரூபிப்பதற்காகத்தான் இந்தக் குளிரில் வந்திருக்கிறேன். அவருக்கு நிரூபித்தால் போதும். “யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி,” என்கிறேன், “பத்திரிகை அடிச்சாச்சு.” அண்ணாச்சி நெஞ்சில் கை வைக்கிறார். “எனக்குத் தெரியாதா. நாம இனிமே ஒரு குடும்பம்லா,” என்கிறார். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும்போதும் இதையேதான் சொன்னார், அன்றைக்கு அது இவ்வளவு உறுதியாக ஒலிக்கவில்லை.

அவர் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தவர் முகம் மறுபடியும் வெளுக்கிறது. ரத்னா என்கிறார். அடிக்கிறது, அடிக்கிறது, பின்னால் மைதீன் பாய் எலும்பு வெட்டுகிற சத்தம், எடுக்காவிட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. திடீரென்று அண்ணாச்சியின் கண்ணில் ஒரு வெளிச்சம். பொத்தானை அமுக்கிக் காதில் வைக்கிறார். “ஆமா ரத்னா. நடந்து வாறப்ப சம்பந்தியம்மாவைப் பாத்தேன். அவுக ஆராய்ச்சிக்கு ஏதோ சாமான் வாங்க வந்திருக்காக. ஒத்தையில நிக்காக, பாவம், ஆள் இல்ல. கொஞ்சம் ஒத்தாசை பண்ணிட்டு வாரேன். மாசத்துக்கு ஒரு தரம் இப்படி ஆள் வேணும்ங்காக, நானும் சும்மாத்தானே இருக்கேன், சரிதானே. இந்தா, அவுகட்டயே கேளு.” போனை என்னிடம் நீட்டுகிறார். என் வலது கை ஆட்டிக்கொண்டிருக்கிறது. இடது கையால் வாங்குகிறேன். இதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை, இந்த மனிதர் பேங்கில் எப்படி மேனேஜரானார் என்று இப்போது புரிகிறது. “மைனி, மெய்யாவா,” என்கிறது ரத்னாவதி மைனியின் குரல், “இவுகளால உங்களுக்கு என்ன ஒத்தாசை?” அண்ணாச்சி என்னைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார். “அண்ணாச்சி இல்லன்னா இன்னைக்குக் கஷ்டம்தான் மைனி,” என்கிறேன், “மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்பி வைங்க, போதும்.” மறுமுனையில் ஒரு நிம்மதி, புருஷன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாமல் இருப்பது எந்தப் பெண்பிள்ளைக்கும் பிடித்தமானதுதான். “அனுப்புதேன், அதுக்கென்ன. ஆனா பாத்துக்கிடுங்க மைனி, அவுகளுக்கு இந்த ரத்தம், சதை எதையும் கண்ணால பாக்க முடியாது, மயக்கம் வந்திரும்.” மைதீன் பாய் பொட்டலத்தை நீட்டுகிறார், அண்ணாச்சி அதைப் பிரித்துப் பார்த்து, நெஞ்செலும்பை எண்ணி, ஒன்று குறைகிறது என்று விரலால் காட்டிக்கொண்டிருக்கிறார். “இப்ப கொஞ்சம் பழகிட்டாக மைனி,” என்கிறேன். “நல்லது. வெறும் வயித்தோட கிளம்பிப் போனாக, அங்க ஏதாவது சாப்பிட்டாகளா?” என்று கேட்கிறாள் ரத்னாவதி மைனி.

“இனிமேல்தான் மைனி,” என்கிறேன்.